பென் டிரைவ் செத்துப் போச்சா? கொஞ்சம் பொறுங்க!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாக என்னைத் துரத்தினார். கவிதை நமக்கு வராது. காதல் கவிதைக்கு ஏற்கெனவே மெக்கானிக்கலில் ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்களாம். எனக்கு வருவது சாலிடரிங் மட்டும்தான். சரி, அதையே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஹாஸ்டலிலும் சரி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலும் சரி, என்னிடம் அதிகமாக வந்து விழுகிற 'நோயாளி' பென் டிரைவ்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"இந்தக் காலத்துல யாருப்பா பென் டிரைவ் வச்சிருக்காங்க? எல்லாம் போன்லயே போயிடுதே!" என்று கேட்பவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கையில் பென் டிரைவ் இல்லாத ஆள் குறைவு. கல்யாண வீடியோவை ஸ்டூடியோக்காரர் பென் டிரைவில்தான் தருகிறார். மார்கழி மாதம் விடியற்காலையில் திருப்பாவை ஒலிக்கிறதே, அந்த ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் செருகியிருப்பதும் இதுதான். மைக் செட்காரருக்கு இது போனால் அன்றைய பிழைப்பே போச்சு!

முதலில் கொஞ்சம் பூர்வீகம். இதன் உயிர் ஃபிளாஷ் மெமரி. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்தது. ஒரே அடியில் ஒரு பகுதி முழுவதும் அழிவதைப் பார்த்த அவரது சகா ஒருவருக்கு கேமரா ஃபிளாஷ் ஞாபகம் வந்ததாம், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று நம் பென் டிரைவில் இருக்கும் நேண்ட் வகையை தோஷிபா 1987-ல் வெளியிட்டது. செருகுகிற வாயான யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் பொறியியல் படித்த நம்ம நாட்டுக்காரர். இந்த இரண்டையும் சேர்த்து 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் 'தம்ப் டிரைவ்' என்று கொண்டுவந்தது. அதே ஆண்டு ஐ.பி.எம். பெயரில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்த 8 எம்.பி. டிரைவும் வந்தது. யார் முதல் என்று கோர்ட் வரை போனார்கள், அது தனிக் கதை. 8 எம்.பி. என்றால் சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது ஐந்தரை ஃபிளாப்பிக்குச் சமம்! ஒரு ஃபிளாப்பி வெறும் 1.44 எம்.பி.தான்.

இப்போது மூடியைக் கழற்றுவோம். உள்ளே ஒரு சின்ன போர்டு. அதில் இரண்டு பெரிய ஆட்கள். ஒருவர் கன்ட்ரோலர் ஐ.சி., இன்னொருவர் நேண்ட் மெமரி ஐ.சி. பழைய மாடல்களில் மெமரி நீளமாக, இரண்டு பக்கமும் 24 கால் வீதம் 48 காலோடு இருக்கும். பக்கத்தில் வெள்ளி நிறத்தில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, நாலைந்து கெப்பாசிட்டர், ஒரு எல்.இ.டி. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தருவது 5 வோல்ட். அதை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் தனியாகவும் இருக்கலாம், கன்ட்ரோலரின் வயிற்றுக்குள்ளேயும் இருக்கலாம்.

மெமரியில் எழுதுவது என்றால் என்ன? டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அடியில், சுற்றிலும் ஆக்சைடு பூசி மூடிய ஒரு அறை. அதற்குள் எலக்ட்ரானை அதிக வோல்டேஜ் கொடுத்துத் தள்ளி அடைப்பார்கள். கரண்ட் போனாலும் அது உள்ளேயே கிடக்கும், அதுதான் ஞாபகம். ஆனால் ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் இழுக்கும்போதும் அந்த ஆக்சைடு சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஒரு அறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் பழைய வகை சுமார் 1 லட்சம் தடவை தாங்கும். மூன்று பிட்டைத் திணிக்கும் இன்றைய மலிவு வகை ஆயிரம் தடவை அளவில்தான். போதாக்குறைக்கு, பக்கம் பக்கமாக எழுதலாமே தவிர அழிப்பது பிளாக் கணக்கில்தான். ரெக்கார்டு நோட்டில் ஒரு படம் தப்பானால் முழு எக்ஸ்பெரிமென்ட்டையும் திரும்ப எழுதச் சொல்வார்களே, அதே கொடுமை! ஒரே பிளாக் சீக்கிரம் சாகாமல் இருக்க கன்ட்ரோலர் வேலையைப் பகிர்ந்து கொடுக்கும். எந்த விஷயம் எந்த பிளாக்கில் இருக்கிறது என்ற கணக்குப் புத்தகமும் அதனிடம்தான். அந்தப் புத்தகம் கிழிந்தால் மெமரி நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

அடைத்த எலக்ட்ரான் கசியவும் செய்யும், சூட்டில் இன்னும் வேகமாக. சித்திரை வெயிலில் நம்ம திருச்சியில் 40 டிகிரி சர்வசாதாரணம். நிறுத்திவைத்த காரின் டாஷ்போர்டு அதைவிடச் சூடு. பாட்டு கேட்கும் டிரைவ் அங்கே கிடக்கட்டும், பரவாயில்லை. சர்டிஃபிகேட் ஸ்கேன் வைத்திருக்கும் டிரைவை அங்கே வைக்காதீர்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி, முதலில் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். நான்கு விதமான முனகல்தான் வரும். அதைக் கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

செருகினால் ஒன்றுமே இல்லை, விளக்கும் இல்லை, 'டிங்' சத்தமும் இல்லை என்றால், கரண்ட் உள்ளே போகவில்லை. வாய் உடைந்திருக்கும், சாலிடர் விட்டிருக்கும், அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். "இந்த யு.எஸ்.பி. சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை" என்று வந்தால், கரண்ட் போகிறது, பேச்சுவார்த்தை நடக்கவில்லை. ஏனென்றால், செருகியதும் டிரைவ் தன் டி-பிளஸ் கம்பியை ஒரு ரெசிஸ்டர் வழியாக மேலே இழுத்துக் கை தூக்குகிறது. கம்ப்யூட்டர் "யாரப்பா நீ?" என்று கேட்கிறது. டிரைவ் தன் கம்பெனி எண், பொருள் எண் எல்லாம் ஒப்பிக்க வேண்டும். கை தூக்கிவிட்டுப் பதில் சொல்லாமல் முழித்தால்தான் இந்த மெசேஜ். (வைவாவில் நமக்கு நேர்வதேதான்.) டேட்டா கம்பி இரண்டில் ஒன்று விட்டிருக்கலாம், அல்லது கீழே விழுந்ததில் கிரிஸ்டல் உடைந்திருக்கலாம். மூன்றாவது, டிரைவ் எழுத்து தெரிகிறது, ஆனால் "டிஸ்க்கைச் செருகவும்" என்கிறது, அல்லது கொள்ளளவு பூஜ்யம். கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, மெமரியோடு தொடர்பு இல்லை, அல்லது அந்தக் கணக்குப் புத்தகம் கிழிந்துவிட்டது. நான்காவதுதான் எல்லோருக்கும் தெரிந்த "ஃபார்மாட் செய்யவா?" இது வந்தால் பயப்படாதீர்கள், உள்ளே சரக்கு பெரும்பாலும் பத்திரம். ஆனால் 'சரி' என்ற பட்டனை மட்டும் அமுக்கிவிடாதீர்கள்!

இந்த நான்குக்கும் முன்னால் ஒரு விஷயம். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா? டெஸ்க்டாப்பின் முன்பக்கத்து ஓட்டை பல இடங்களில் லூஸாக இருக்கும். மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கத்து ஓட்டையில் போட்டுப் பாருங்கள். என்னிடம் 'செத்து' வந்ததில் பல, அங்கே போட்டதும் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. மைக் செட்காரர் ஒருவர், "தம்பி, கம்ப்யூட்டர்ல ஓடுது, ஆம்ப்ளிஃபயர்ல ஓடல" என்று வந்தார். டிரைவில் ஒரு கோளாறும் இல்லை. யாரோ அதை என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மாட் செய்திருந்தார்கள். மலிவான ஆம்ப்ளிஃபயருக்கும் பழைய டி.வி.க்கும் ஃபேட்32 மட்டும்தான் தெரியும். பாட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, மாற்றி ஃபார்மாட் செய்து திரும்பப் போட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

இனி கை வேலை. தேவையானவை: 25 வாட் சாலிடரிங் அயர்னும் அதற்கு ஊசி மாதிரி கூரான பிட்டும், நல்ல ஈயம், ஃபிளக்ஸ், ட்வீசர், மல்டிமீட்டர், ஒரு பூதக்கண்ணாடி, பழைய யு.எஸ்.பி. கேபிள் ஒன்று. அயர்னும் மீட்டரும் நம் லேபிலேயே இருக்கின்றன. லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேட்டால் மதியம் தருவார்.

யு.எஸ்.பி. வாயில் நான்கு கால். வரிசையாக 5 வோல்ட், டி-மைனஸ், டி-பிளஸ், கிரவுண்ட். உற்றுப் பார்த்தால் ஓரத்து இரண்டு கால்களும் கொஞ்சம் நீளம். செருகும்போது முதலில் கரண்டும் கிரவுண்டும் தொட வேண்டும், அப்புறம்தான் டேட்டா. அதற்காகவே அப்படி. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

முதலில் மீட்டரை ஓம்ஸில் வைத்து 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட். அதைக் கொண்டுபோய் லேப்டாப்பில் செருகாதீர்கள், பிறகு லேப்டாப்புக்கும் வைத்தியம் பார்க்க வேண்டிவரும். பெரும்பாலும் நுழைவாயிலில் இருக்கும் கெப்பாசிட்டர்தான் குற்றவாளி. அதைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறமும் ஷார்ட் என்றால் கன்ட்ரோலரே போயிருக்கும். ஷார்ட் இல்லை என்றால், நான்கு காலிலிருந்தும் போர்டின் தடத்துக்குத் தொடர்பு இருக்கிறதா என்று 'பீப்' போட்டுப் பாருங்கள். டயோடு நிலையில் வைத்து கிரவுண்டிலிருந்து இரண்டு டேட்டா காலையும் அளந்தால் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மட்டும் வித்தியாசப்பட்டால் அங்கேதான் கோளாறு. எல்லாம் சரி, ஆனால் உயிர் இல்லை என்றால் கரண்ட் கொடுத்து மெமரியின் 12-ஆவது காலுக்கும் 13-ஆவது காலுக்கும் நடுவே 3.3 வோல்ட் வருகிறதா பாருங்கள். 48 கால் மெமரியில் அவைதான் சப்ளையும் கிரவுண்டும். வராவிட்டால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும்.

இதில் எனக்கு மறக்க முடியாத கேஸ் ஒன்று. எங்கள் உத்தர வீதியில் ஒரு மாமி. மாமா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், போன வருஷம் தவறிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்காக, தான் சின்ன வயதில் கொள்ளிடத்தில் நீந்தின கதை, ஸ்ரீரங்கத்துக் கதை என்று தினமும் ராத்திரி பேசிப் பதிவு செய்து ஒரு 16 ஜி.பி. டிரைவில் சேர்த்து வைத்திருந்தார். அது டி.வி. பக்கவாட்டில் செருகியிருந்தபோது விளக்குமாறு இடித்து வாய் முறிந்துவிட்டது. டவுனில் ஒரு கடையில், "புதுசு முந்நூறு ரூபா மாமி, இதைப் போட்டுட்டு வேற வாங்கிக்கோங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஏண்டாப்பா, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கறே? புதுசு வாங்க எனக்குத் தெரியாதா? அவர் குரல் இதுல மட்டும்தாண்டா இருக்கு."

"பாத்துடலாம் மாமி. ஆனா வரும்னு இப்பவே சொல்ல மாட்டேன். எதுக்கும் நீங்க இனிமே இதை எதுலயும் செருகிப் பாக்காதீங்க" என்றேன்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று காலில் சாலிடர் விரிசல். நான்காவதான டி-மைனஸில் காலோடு சேர்த்துத் தாமிரத் தகடே பிய்ந்து வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் கைவிடுவார்கள். தகடு போனால் என்ன, தடம் இருக்கிறதே! தடத்தைப் பின்பற்றிப் போனால் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதைத் தாண்டி கன்ட்ரோலர். ரெசிஸ்டருக்கு முன்னால் மேலே பூசியிருக்கும் பச்சை வார்னிஷை பிளேடு நுனியால் இரண்டு மில்லிமீட்டர் சுரண்டினேன். பளபளவென்று தாமிரம் தெரிந்தது. அங்கே ஃபிளக்ஸ் தொட்டு, ரிலே சுருளிலிருந்து உருவின மெல்லிய எனாமல் கம்பியை ஒட்டினேன். மற்ற மூன்று இடத்திலும் பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயம் கொஞ்சம் சேர்த்தேன். (கம்பெனியில் போடுவது பெரும்பாலும் ஈயமில்லாத சாலிடர், லேசில் உருகாது. புதுசு கலந்தால் இறங்கிவரும்.) ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது.

பழைய வாயைத் திரும்ப நிமிர்த்திப் பொருத்தவில்லை. வெட்டின யு.எஸ்.பி. கேபிளின் நான்கு கம்பிகளை நேராகப் பற்றவைத்தேன். சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டி-மைனஸ், பச்சை டி-பிளஸ், கறுப்பு கிரவுண்ட். மலிவுக் கேபிளில் இந்தக் கலரை நம்பக் கூடாது, மீட்டரில் பார்த்தே இணைக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் கன்ட்ரோலர் ஒரு நொடியில் பரலோகம். கம்பியும் ஒரு சாண் நீளத்துக்கெல்லாம் விடக் கூடாது. யு.எஸ்.பி. 2.0 வினாடிக்கு 480 மெகாபிட் வேகம், நீளக் கம்பியில் சிக்னல் சிதறும்.

செருகினேன். விளக்கு எரிந்தது. மாமியின் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாமி விளக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு எரிந்ததும் ஃபைலைத் திறந்து பாட்டுக் கேட்க ஆரம்பிக்கக் கூடாது. ரிப்பேர் செய்த டிரைவ் இன்னும் பத்து நிமிஷம் இருக்குமா என்பதே சந்தேகம். முதல் வேலை காப்பி. லேப்டாப்பில் ஒன்று, இன்னொரு டிரைவில் ஒன்று. நமக்கு வேண்டியது டிரைவ் அல்ல, உள்ளே இருப்பது. நான்கைந்து ஃபைல் மட்டும் பாதியில் நின்றது, மற்றதெல்லாம் வந்துவிட்டது. அப்புறம்தான் ஒன்றைப் போட்டோம். மாமா இருமிவிட்டு, "கேக்கறதாடா கண்ணா?" என்று ஆரம்பித்தார். நான் காபி குடிக்காமலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. லால்குடிப் பக்கத்திலிருந்து வரும் நம்ம வகுப்புத் தோழன் ஒருவன் விரல் நகம் அளவுக்கு இருக்கும் உலோக டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தான். அக்கா கல்யாணப் படங்கள். திறந்தால் போர்டே இல்லை. கன்ட்ரோலர், மெமரி எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பிசினுக்குள் வைத்து வார்த்துவிட்டார்கள். இந்த வகையில் நாம் சாலிடர் வைக்க இடமே கிடையாது. பிசினைச் சுரண்டி, உள்ளே மறைந்திருக்கும் புள்ளிகளில் தலைமுடிக் கம்பி வைத்து மெமரியை நேராகப் படிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கான தனி லேப்களில். அப்படி ஒன்றில் விசாரித்தபோது ஐந்து இலக்கத்தில் தொகை சொன்னார்கள். ஸ்டூடியோக்காரரும் அழித்துவிட்டிருந்தார். தொகை கட்ட வழியில்லை. டிரைவை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். ஆகவே டிரைவ் வாங்கும்போது அழகாக, குட்டியாக இருப்பதைவிடக் கொஞ்சம் தடியாக, போர்டு உள்ளதாக வாங்குவது நல்லது என்பது என் கட்சி.

இனி உடம்பு நன்றாக இருந்து மனசு கெட்ட டிரைவ்கள். அதாவது ஃபைல் அமைப்பு சிதைந்தவை. விளக்கு மினுமினுக்கும்போதே பிடுங்குவதுதான் பெரும்பாலும் காரணம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அட்டவணை பாதியில் நின்றுபோகும். இதற்கு எல்லோரும் உடனே ஓட்டுவது செக்டிஸ்க். நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஏனென்றால் அது அட்டவணையை நேராக்கத்தான் பிறந்தது, நம் ஃபைலைக் காப்பாற்ற அல்ல. பொருந்தாத துண்டுகளையெல்லாம் பெயரில்லாத ஃபைலாக்கி ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டு 'சரியாயிற்று' என்று சொல்லும்.

சரியான வரிசை இது. முதலில் டிரைவை அப்படியே, பிட்டுக்குப் பிட்டாக, ஒரே பெரிய ஃபைலாக நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் இதற்கென்றே இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் படித்துவிட்டு, அடம் பிடிக்கும் இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயலும். லினக்ஸ் எங்கே போவது என்கிறீர்களா? 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன் அக்கா யாரிடமாவது பரணில் கிடக்கும், தூசி தட்டுங்கள். நகல் கிடைத்த பிறகு எல்லாச் சோதனையும் நகலில்தான், அசலில் கை வைக்கக் கூடாது. காணாமல் போன பார்ட்டிஷனை டெஸ்ட்டிஸ்க் தேடித் தரும். அதுவும் முடியாவிட்டால் அதன் தம்பி ஃபோட்டோரெக். இது அட்டவணையைப் பார்க்கவே பார்க்காது. ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் ஒரு தலையெழுத்து உண்டு. ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு பைட் எப்போதும் எஃப்எஃப், டி8. அந்தத் தலையெழுத்தைத் தேடித் தேடி எடுத்து அடுக்கும். பெயர் போய்விடும், படம் வந்துவிடும்.

தெரியாமல் அழித்த ஃபைலும் இப்படித்தான் வருகிறது. ஃபேட்32-ல் ஒரு ஃபைலை அழித்தால் அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்து மாறுகிறது, அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. சரக்கு அங்கேயே கிடக்கும், அதன் மேல் வேறு ஏதாவது எழுதும் வரை. அதனால் அழிந்துவிட்டது என்று தெரிந்த நிமிஷமே டிரைவை வெளியே எடுத்துவிடுங்கள். மீட்கும் புரோகிராமை அதே டிரைவில் இறக்கி வைத்தவர்களும் இருக்கிறார்கள்!

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த டிரைவில் ஃபைல் எல்லாம் மறைந்து, பெயர் மட்டும் ஷார்ட்கட்டாக நிற்குமே, அது வைரஸ். ஃபைல்கள் போகவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டை க்ளிக் செய்யாதீர்கள், அதுதான் தூண்டில். முதலில் ஆன்டிவைரஸ். அப்புறம் கமாண்ட் ஜன்னலைத் திறந்து டிரைவின் எழுத்துக்குப் போய், அட்ரிப் என்று அடித்து, மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், பிறகு நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம், கடைசியில் சாய்கோடு எஸ், சாய்கோடு டி. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. ஒளிந்தவை வெளியே வரும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2008-ல் வந்த கான்ஃபிக்கர் பரவிய வழிகளில் பென் டிரைவும் ஒன்று. 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் அணு எரிபொருள் ஆலையைக் குறிவைத்தது, ஷார்ட்கட் ஃபைலில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் பென் டிரைவிலிருந்தே நுழைந்தது. இந்தியாவிலும் பல கம்ப்யூட்டர்களில் அது காணப்பட்டது.

'ரைட் ப்ரொடெக்டட்' என்று ஒரு டிரைவ் பிடிவாதம் பிடித்தால்? பக்கவாட்டில் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் உண்டு. இல்லையென்றால் டிஸ்க்பார்ட்டில் அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்து 'ரீட்ஒன்லி' குறியை நீக்கிப் பார்க்கலாம். ஜாக்கிரதை, எண்ணை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டு 'க்ளீன்' கொடுத்தால் லேப்டாப் சுத்தமாகிவிடும்! இதற்கும் மசியவில்லை என்றால், மெமரி தேய்ந்துவிட்டது என்று கன்ட்ரோலரே கதவைப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். படிக்க மட்டும் விடுகிறது. அது செய்கிற கடைசி உபகாரம் அது. காப்பி எடுத்துக்கொண்டு விடை கொடுங்கள்.

கொள்ளளவு பூஜ்யம் காட்டும் கேஸுக்கு கன்ட்ரோலர் கம்பெனிகளின் தொழிற்சாலைப் புரோகிராம்கள் உலாவுகின்றன. ஃபைசன், சிலிகான் மோஷன், ஆல்கார் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கன்ட்ரோலர் எது என்று சிப்ஜீனியஸ் மாதிரி ஒரு கருவியால் கண்டுபிடித்து, அதற்குச் சரியானதை ஓட்டினால் டிரைவ் பிறந்த குழந்தை மாதிரி எழும். பிறந்த குழந்தைக்குப் பழைய ஞாபகம் இருக்காது, அதைச் சொல்லிவிட்டேன். டேட்டா வேண்டாம், டிரைவ் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு மட்டுமே இது. கண்ட இடத்தில் இறக்கிய புரோகிராம் என்பதால் வீட்டுக் கணினியில் ஓட்டாமல் உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய மெஷினில் ஓட்டுவது உத்தமம்.

ரிப்பேரே செய்ய முடியாத இன்னொரு இனம் உண்டு, போலி டிரைவ். பிளாட்ஃபாரத்தில் '2 டி.பி., 300 ரூபாய்' என்று தருகிறார்களே, அதுதான். உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜி.பி. கன்ட்ரோலரைப் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் புது ஃபைல் பழையதின் மேலேயே ஏறி உட்காரும், அல்லது காற்றில் போகும். பட்டியலில் பெயர் இருக்கும், திறந்தால் குப்பை. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது லினக்ஸில் எஃப்3 போட்டு, முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு உடையும். அதே சமயம் 64 ஜி.பி. வாங்கினால் 59 சொச்சம் காட்டுவது மோசடி அல்ல. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் துவைத்து எடுத்த டிரைவ் மாதம் ஒன்றாவது வருகிறது. தண்ணீர் அதைக் கொல்வதில்லை. ஈரத்தோடு கரண்ட் கொடுப்பதுதான் கொல்கிறது. செருகிப் பார்க்கவே கூடாது. மூடியைக் கழற்றி, போர்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். சோப்பும் போர் தண்ணீரின் உப்பும் போக வேண்டும், இல்லாவிட்டால் தாமிரம் பச்சை பூத்துவிடும். அரிசி டப்பாவில் புதைப்பதெல்லாம் வீண் வேலை, அரிசித் தவிடுதான் உள்ளே போகும். நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விட்டு, ஓம்ஸில் ஷார்ட் இல்லை என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சாமான்கள் சிங்காரத்தோப்பு, மலைக்கோட்டை சுற்றுவட்டாரக் கடைகளிலேயே கிடைத்துவிடும். கிரிஸ்டல், ரெகுலேட்டர் எல்லாம் புதிதாகத் தேட வேண்டாம். போன் ரிப்பேர் கடைகளில் செத்த பென் டிரைவ்களை டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள். நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வைத்திருக்கிறேன். அவற்றிலிருந்து கழற்றிய 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நம் மைக்ரோகன்ட்ரோலர் ப்ராஜெக்ட்டுக்கும் அப்படியே பொருந்தும். வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் இ.சி.இ. லேப் வாசலில் வந்து கேளுங்கள், ஆளுக்கு இரண்டு தருகிறேன்.